ரவுண்ட்ஸ் டாக்டர் ரெண்டு நிமிஷம்தான் நிற்கிறார், நான் என்ன செய்வது?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது, பல வருஷமாகச் சர்க்கரை உண்டு. நிமோனியா என்று ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்து இன்றோடு 9 நாள். கூடவே இருப்பது நான்தான். பெரிய டாக்டர் காலையில் ஐந்தாறு பேரோடு வருவார், கட்டிலருகே ரெண்டு நிமிஷம்கூட நிற்க மாட்டார், "இம்ப்ரூவ் ஆகுது, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். 5-ஆம் நாள் ஒருவர் "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார். மறுநாள் வேறொருவர் வந்து "யார் சொன்னது?" என்று என்னையே கேட்கிறார். நடுவில் மருந்தை மாற்றினார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ராத்திரியில் அப்பா சம்பந்தமில்லாமல் பேசுகிறார். டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டால் அவர் வர 40 நிமிஷம் ஆனது. வந்தவர் சின்னப் பெண். கோபத்தில் வார்டே கேட்கும்படி அவரைக் கத்திவிட்டேன். அதனால் அப்பாவைச் சரியாகக் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்று இப்போது பயமாக இருக்கிறது. வேறு மருத்துவமனைக்கு மாற்றிவிடலாமா? டாக்டர்களுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன் அம்மா. மனசு இருக்கிறது, ஆனால் காலையில் அதை 30 கட்டிலுக்குப் பங்கு வைத்தாக வேண்டும், உங்கள் அப்பாவின் பங்குக்கு விழுவது அந்த ரெண்டு நிமிஷம். இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை. "டாக்டர்களின் கஷ்டத்தையும் புரிந்துகொள்ளுங்கள்" என்று நாலு வரி எழுதி முடித்துவிடுவது சுலபம், 24 வருஷமாக வார்டிலேயே கிடக்கும் எனக்கு அது வசதியும்கூட, ஆனால் ஒன்பது ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கின ஒருவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக அந்த ரெண்டு நிமிஷத்தில் என்ன நடக்கிறது, எது நடக்காமல் போகிறது, அதில் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு நோயாளியைத் தொட்ட பிறகு அடுத்தவரைத் தொடும் முன் கையில் மருந்து தேய்க்கிறோமே, அதற்கு 20 முதல் 30 நொடி எடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. 30 நோயாளி என்றால் கைக்கு மட்டுமே கால் மணி நேரம். அதில் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தால் இந்தக் கட்டிலின் கிருமியை அந்தக் கட்டிலுக்கு நாங்களே சுமந்து போவோம். நடுவில் ஒரு போன், ஐசியூவிலிருந்து ஒரு அழைப்பு, "கையெழுத்து வேணும் சார்" என்று ஒருவர். எல்லாம் போக மிஞ்சுவதுதான் கட்டிலருகே வருகிறது.

ஆனால் உங்கள் அப்பாவுக்காகச் செலவாகும் நேரம் அது மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். விடியும் முன்னே, அசந்து தூங்கும் மனிதரை எழுப்பி ரத்தம் எடுக்கிறார்களே என்று நீங்கள் எரிச்சல்பட்டிருப்பீர்கள். ரவுண்ட்ஸ் தொடங்கும்போது ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது. பெரிய டாக்டர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஜூனியர் ஒருவர் வந்து கேஸ் ஷீட்டைப் புரட்டி, ராத்திரி காய்ச்சல் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது என்று குறித்துக்கொண்டு போயிருப்பார், நீங்கள் அப்போது முகம் கழுவப் போயிருக்கலாம். எக்ஸ்ரேயைப் பற்றின விவாதம் வராந்தாவிலோ கம்ப்யூட்டர் முன்னாலோ முடிந்திருக்கும். கட்டிலருகே நீங்கள் பார்ப்பது முடிவு சொல்லும் இடத்தை மட்டும்தான், யோசித்த இடம் வேறு.

சிக்கல் என்னவென்றால், நாங்கள் வரும்போது முழுக்கக் காகிதத்தில் இருப்பதோடு வருகிறோம். காகிதத்தில் இல்லாத விஷயம் உங்களிடம் இருக்கிறது. அந்த ரெண்டு நிமிஷத்தில் இந்த ரெண்டும் கை மாற வேண்டும், பெரும்பாலான நாள் மாறுவதில்லை, ஏனென்றால் நாங்கள் கேட்பதில்லை, நீங்கள் "எப்போ வீட்டுக்குப் போகலாம் டாக்டர்?" என்று கேட்டுவிடுகிறீர்கள்.

என் கதை ஒன்று சொல்கிறேன், எனக்குப் பெருமை சேர்க்கும் கதை இல்லை. பல வருஷத்துக்கு முன்னால், ஓபியில் கூட்டம் வாசல் வரை நின்ற ஒரு நாள், ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் மூன்று வாரமாக வறட்டு இருமல் என்று வந்தார். அவர் "எனக்கு முன்னாடி பிபிக்கு..." என்று ஆரம்பித்தார், நான் "இருமலைப் பத்தி மட்டும் சொல்லுங்கம்மா, சளி வருதா, காய்ச்சல் உண்டா" என்று வெட்டிவிட்டேன். எக்ஸ்ரே எடுத்தேன், சுத்தமாக இருந்தது. இருமல் டானிக் கொடுத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தார், ரத்தப் பரிசோதனை, சளிப் பரிசோதனை, வேறு டானிக். மூன்றாவது முறை வந்தபோது எடை பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் சும்மா பேச்சுக் கொடுத்து, மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்து, என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். ராமிப்ரில். ரத்த அழுத்தத்துக்கு நல்ல மாத்திரைதான், ஆனால் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும் என்பது மருத்துவக் கல்லூரியில் எல்லோரும் மனப்பாடம் செய்யும் விஷயம். இருமல் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் வேறொரு டாக்டர் அந்த மாத்திரையை ஆரம்பித்திருக்கிறார். அதைத்தான் அந்த அம்மா முதல் நாள் முதல் வாக்கியத்தில் சொல்ல வந்தார். மாத்திரையை மாற்றினோம், சில வாரத்தில் இருமல் நின்றது. எனக்கு மிச்சமான நேரம் பத்து நொடி, அவருக்குப் போனது ஒரு மாதத் தூக்கம்.

இது என் ஒருவனுடைய குணக்கேடு மட்டும் இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன், ஆறுதலுக்கு. 1984-ல் அமெரிக்காவில் பெக்மேன், ஃபிராங்கல் என்ற ரெண்டு பேர் டாக்டர்-நோயாளி உரையாடல்களைப் பதிவு செய்து கேட்டார்கள், நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கே புகுந்திருந்தார். சரி, குறுக்கே பேசாமல் விட்டால் நாள் பூராவும் பேசிக்கொண்டே இருப்பார்களா? 2002-ல் சுவிட்சர்லாந்தில் அதையும் பார்த்தார்கள். டாக்டர்களை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னபோது நோயாளிகள் தாமாகப் பேசி முடிக்க எடுத்துக்கொண்டது சராசரியாக 92 நொடி. ஒன்றரை நிமிஷம், அவ்வளவுதான். இதைப் படித்த பிறகு நான் மேசைக்கடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்காரப் பழகினேன், இன்னமும் சில நாள் கை விடுபட்டுவிடுகிறது.

இப்போது உங்கள் அப்பா. அந்த வார்டில் நோய் தெரிந்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள், உங்கள் அப்பாவைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அவர் சாதாரணமாக எவ்வளவு பேசுவார், எப்படி நடப்பார், எந்த வார்த்தைக்குச் சிரிப்பார் என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில் கிடையாது. ஒரு முறை ஒரு பெரியவரின் மகன் ரவுண்ட்ஸில் என்னிடம் "நேத்து சாயந்திரம் செய்தித்தாளைத் தலைகீழாப் பிடிச்சிருந்தார் டாக்டர், ஆனா படிக்கிற மாதிரியே பக்கத்தைத் திருப்பிக்கிட்டிருந்தார்" என்றார். எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. காலை ரத்தம் அதற்குள் லேபுக்குப் போயிருந்தது, நாங்கள் கேட்காத சோடியத்தையும், அதாவது ரத்தத்தில் இருக்கும் உப்பின் அளவையும், சேர்த்துப் பார்க்கச் சொன்னோம், புத்தியைக் குழப்பும் அளவுக்கு அபாயமாக இறங்கியிருந்தது. பிபி நார்மல், பல்ஸ் நார்மல், காய்ச்சல் இல்லை, காகிதத்தின்படி அவர் நன்றாகத்தான் இருந்தார். பிடித்துக் கொடுத்தது அந்தத் தலைகீழ்ச் செய்தித்தாள்தான்.

அதனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது: ராத்திரியில் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். வயசாகிவிட்டது, ஆஸ்பத்திரி பயம் என்று நீங்களும் விடாதீர்கள், யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். வயதானவர்களுக்கு நோய்த்தொற்றோடு சேர்ந்து திடீரென்று இப்படிக் குழப்பம் வரும், டெலிரியம் என்போம், பகலில் மந்தமாகவும் ராத்திரியில் அதிகமாகவும் ஏறி இறங்கும். பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் பின்னால் ஒரு காரணம் இருக்கும், அதைத் தேட வேண்டும். ஆக்சிஜன் இறங்குவது, காய்ச்சல் திரும்புவது, சிறுநீர் போகாமல் அடைத்துக்கொள்வது, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய ஒரு மருந்து, எதுவாகவும் இருக்கலாம். அவருக்குச் சர்க்கரை வேறு இருப்பதால் குழப்பம் தொடங்கிய அந்த நிமிஷமே சிஸ்டரிடம் போய் "சுகர் ஒரு தடவை குத்திப் பார்த்துடுங்க சிஸ்டர், ஆக்சிஜனையும் பார்த்துடுங்க" என்று கேளுங்கள். சர்க்கரை இறங்கினாலும் இப்படித்தான் பேசுவார்கள். இது டாக்டர் வரும்வரை காத்திருக்கும் விஷயம் இல்லை. அப்புறம், அவருடைய மூக்குக்கண்ணாடி எங்கே? காது மிஷின் உண்டென்றால் அது எங்கே? ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அவசரத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டிலோ பையின் அடியிலோ வைத்துவிடுவார்கள், பாதி பேர் கண்ணும் காதும் இல்லாமல்தான் படுத்திருக்கிறார்கள், குழம்பாமல் என்ன செய்வார்கள்? எடுத்து மாட்டிவிடுங்கள். பகலில் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள், இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள், வாதாட வேண்டாம்.

நாளைக் காலை ரவுண்ட்ஸில் அந்த ரெண்டு நிமிஷத்தின் முதல் இருபது நொடியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். "டாக்டர், மூணு ராத்திரியா குழம்பிப் பேசுறார், இதுக்கு முன்னாடி இப்படி இருந்ததே இல்ல, நேத்து பாத்ரூம் போய்ட்டு வரும்போது ரெண்டு தடவை நின்னு மூச்சு வாங்கினார்." அவ்வளவு போதும். நான் சொல்கிறேன், அந்தக் கூட்டம் நிற்கும். "கொஞ்சம் நல்லாப் பாருங்க டாக்டர்" என்றால் நிற்காது, அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ராத்திரியே ஒரு துண்டுக் காகிதத்தில் மணியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், காலையில் அத்தனை வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் மறந்துவிடும், படித்தவர்களுக்கும் மறந்துவிடுகிறது. கேள்வி ரெண்டுக்கு மேல் வேண்டாம். அதில் ஒன்று இதுவாக இருக்கட்டும்: "அப்பா வீட்டுக்குப் போக இன்னும் எது சரியாகணும்?" எப்போது என்று கேட்டால் எங்களால் தேதி சொல்ல முடியாது, மழுப்புவோம். எது என்று கேட்டால் பதில் இருக்கிறது.

அந்தப் பதில் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒன்றுதான். நிமோனியாவில் ஒருவரை அனுப்பும் முன்னால் காய்ச்சல் விட்டிருக்க வேண்டும், நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 100-க்குள், மூச்சு 24-க்குள், பிபி நிலையாக, வெளி ஆக்சிஜன் இல்லாமலே அளவு 90-க்குக் குறையாமல், வாய் வழியாகச் சாப்பிட்டு மாத்திரை விழுங்கும் நிலையில், புத்தி தெளிவாக. அவருடைய நுரையீரல் முன்பிருந்தே எப்படி என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். 5-ஆம் நாள் காலை இதெல்லாம் சரியாக இருந்து ஒருவர் "நாளைக்குப் போகலாம்" என்றிருப்பார், அன்று ராத்திரி காய்ச்சல் ஏறியிருக்கும், அல்லது நடக்கவைத்தபோது ஆக்சிஜன் இறங்கியிருக்கும். முதலில் சொன்னவர் பொய் சொல்லவில்லை, அவசரப்பட்டு வாயை விட்டார். எங்கள் தொழிலில் "நாளைக்கு" என்ற சொல்லை யோசித்துத்தான் எடுக்க வேண்டும், வீட்டில் எல்லோருக்கும் போன் போய்விடும். இரண்டாவது வந்தவர் "யார் சொன்னது?" என்று உங்களிடம் கேட்டது தப்பு, அதை அவர் சக டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும்.

மருந்து மாற்றியதற்குப் பெரும்பாலும் கல்ச்சர் ரிப்போர்ட்தான் காரணமாக இருக்கும். சேர்த்த அன்று எடுத்த ரத்தத்தையும் சளியையும் லேபில் வளர்த்து எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசிகிறது என்று சொல்ல ரெண்டு மூன்று நாள் ஆகும், ரத்தத்தில் எதுவும் வளரவில்லை என்று முடிவாகச் சொல்ல 5 நாள்கூடக் காத்திருப்பார்கள். அதுவரை எந்தக் கிருமியாக இருக்கும் என்று ஊகித்து ஒரு மருந்து ஓடும், தெரிந்த பிறகு அதற்குப் பொருத்தமானது. மருந்தை மாற்றினால் நிலைமை மோசம் என்று அர்த்தம் இல்லை, பல நேரம் பலமான மருந்திலிருந்து எளிய மருந்துக்கு இறங்குவோம், அது நல்ல செய்தி. இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்கும். சொல்லியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு வேளையும் ஒரு புது முகம் வருவதைப் பற்றி. ஒரு நாளில் உங்கள் அப்பா ரெண்டு மூன்று முறை கை மாறுகிறார். ஜூனியர் டாக்டரின் கோட்டுப் பையில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருக்கும் பாருங்கள், அதில் கட்டில் எண், பக்கத்தில் ஒரு வரி, அதற்குப் பக்கத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள். சோடியம் பார்க்க ஒரு சதுரம், ஸ்கேனுக்குப் பேச ஒரு சதுரம், வீட்டாரிடம் பேச ஒரு சதுரம். முடிந்ததை டிக் அடிப்பார்கள். ராத்திரி எட்டு மணிக்கு அந்தக் காகிதத்தை வைத்துத்தான் அடுத்தவரிடம் வார்டையே ஒப்படைக்கிறார்கள். டிக் ஆகாமல் போவது பெரும்பாலும் எந்தச் சதுரம் என்று உங்களுக்கே தெரியும். இந்த ஒப்படைப்பில் விஷயங்கள் விட்டுப்போவதுதான் ஆஸ்பத்திரிகளின் பெரிய ஓட்டை. வாய்க்கு வந்தபடி சொல்லாமல் ஒரே ஒழுங்கில், கேட்டவர் திருப்பிச் சொல்லும்படி ஒப்படைக்கப் பழக்கியபோது தவிர்க்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன என்று அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 9 மருத்துவமனைகளில் செய்த ஆய்வு ஒன்று 2014-ல் வந்தது. அது எங்கள் வீட்டுப் பாடம். நீங்கள் செய்ய வேண்டியது, முடிவெடுக்கும் டாக்டர் யார், அவருடைய யூனிட்டில் தினமும் மாறாமல் வரும் ஜூனியர் யார் என்று ரெண்டே ரெண்டு பேரின் பெயரைத் தெரிந்துகொள்வது. மற்றவர்கள் சொல்வதைக் காதில் வாங்குங்கள், முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயரைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்று முதியோர் மருத்துவம் பார்த்த ஒரு டாக்டர் இருந்தார், தானே புற்றுநோயோடு 2013-ல் வார்டில் படுத்திருந்தபோது, வருகிறவர்கள் பலர் பெயரைக்கூடச் சொல்லாமல் தன் உடம்பைத் தொட்டுப் பார்ப்பதைக் கவனித்து, "வணக்கம், என் பெயர் இன்னது" என்று தொடங்குங்கள் என ஒரு இயக்கமே நடத்தினார். டாக்டருக்கே அது படுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

சரி, அந்த 40 நிமிஷம். ராத்திரியில் ஒரு டியூட்டி டாக்டருக்கு ஒரு வார்டு இல்லை, பல நேரம் ரெண்டு மூன்று வார்டு. யாரிடம் முதலில் போவது என்பதைக் கூப்பிட்ட வரிசை முடிவு செய்யாது, யார் சீக்கிரம் கவிழ்ந்துவிடுவார் என்பதுதான் முடிவு செய்யும். வலியில் கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது, சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று அடங்கிவிட்டால்தான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அந்தப் பெண் வேறு எங்கோ யாருடைய நெஞ்சிலோ கை வைத்து அழுத்திக்கொண்டு இருந்திருக்கலாம், அல்லது 20 மணி நேரம் விழித்த பிறகு பத்து நிமிஷம் மேசையில் தலை சாய்த்திருக்கலாம், ரெண்டும் நடக்கும், ரெண்டாவதையும் நான் செய்திருக்கிறேன். ஆனால் போனில் அவருக்குப் போன தகவல் என்ன என்பது முக்கியம். "பேஷண்ட் அட்டெண்டர் கூப்பிடுறாங்க" என்று (நோயாளியோடு கூட இருக்கும் வீட்டாரை அட்டெண்டர் என்போம்) போயிருந்தால் அது வரிசையின் கடைசிக்குப் போகும். "12-ஆம் கட்டில், புதுசா குழப்பம், ஆக்சிஜன் 89, மூச்சு 30" என்று போயிருந்தால் ஓடி வந்திருப்பார். அதனால் நேராக டாக்டரைத் தேடி ஓடாதீர்கள், சிஸ்டரைக் கட்டிலுக்கு அழைத்து வந்து அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள், எண்ணோடு போகும் அழைப்புக்குக் கால் முளைக்கும். சிஸ்டர் வருவதற்குள் நீங்களே அப்பாவின் நெஞ்சு ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணலாம். அப்படி எண்ணையும் சொல்லி யாரும் அசையவில்லை என்றால் அப்போது குரலை உயர்த்துங்கள், அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும், அவருக்கு மேலே யார் என்று கேளுங்கள். அந்த நேரத்தில் மரியாதை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

கத்தியதால் அப்பாவைப் பழிவாங்குவார்களா? மாட்டார்கள். மருந்து நேரத்துக்கு வரும், ஊசி போடும் கை நடுங்காது. ஆனால் உண்மையை மறைக்காமல் சொன்னால் வேறொன்று நடக்கும். 2015-லும் 2017-லும் இஸ்ரேலியர்கள் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைக் குழுக்களை வைத்து ஒத்திகை போல ஒரு சோதனை செய்தார்கள், கடுமையான ஒரு வார்த்தையைக் கேட்ட குழுக்கள், அது வெளி நிபுணர் சொன்னதாக இருந்தாலும் குழந்தையின் தாயாக நடித்தவர் சொன்னதாக இருந்தாலும், நோயைக் கண்டுபிடிப்பதிலும் கை வேலையிலும் சறுக்கினார்கள். வேண்டுமென்று இல்லை. அடிபட்ட மனசு பாதிக் கவனத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறது. இன்னொன்று, கத்துகிற அட்டெண்டர் இருக்கும் கட்டிலுக்கு ஜூனியர்கள் தேவைக்கு மேல் ஒரு நடை வர மாட்டார்கள், அந்தத் தேவைக்கு மேற்பட்ட ஒரு நடையில்தான் பல விஷயம் கண்ணில் படும். அதனால் அந்தப் பெண்ணைப் பார்க்கும்போது "அன்னைக்கு பயத்துல கத்திட்டேன் டாக்டர், மனசுல வச்சுக்காதீங்க" என்று ஒரே வாக்கியம் சொல்லிவிடுங்கள். விளக்கம் வேண்டாம். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். ஆனால் டியூட்டி முடிந்து போகும் முன்னால் அப்பாவை ஒரு தடவை எட்டிப் பார்ப்பார், பாருங்கள்.

எங்கள் பக்கத்துக்கும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதை நீங்கள் உரிமையோடு கேட்டு வாங்கலாம். ரவுண்ட்ஸில் உட்கார்ந்து பேச முடியாது, ஆனால் ஒரு முறையாவது உட்கார்ந்து பேச வேண்டும். 2012-ல் வந்த ஒரு சின்ன ஆய்வில், டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்தபோது நின்றபோதைவிட அதிக நேரம் இருந்ததாக நோயாளிகள் நினைத்தார்கள், கடிகாரத்தின்படி அப்படி ஒன்றும் அதிகம் இல்லை. நாற்காலிக்கு அவ்வளவு சக்தி. ரவுண்ட்ஸ் முடிந்து, டிஸ்சார்ஜ் வேலையும் முடிந்த மதிய நேரத்தில்தான் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வரும். "டாக்டர், இன்னைக்கு ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் ஒரு அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பேசணும், எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று ஜூனியரிடம் கேட்டு வைத்துவிடுங்கள். வீட்டில் நாலு பேர் நாலு தடவை வந்து கேட்டால் யாருக்கும் முழுதாகக் கிடைக்காது, நீங்கள் ஒருவரே பேசுங்கள், மற்றவர்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். கடைசியில் எழும் முன்னால் "நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்க" என்று உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். நாங்கள் தெளிவாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கும் பல விஷயம் அங்கேதான் உடையும்.

மருத்துவமனையை மாற்றலாமா என்றால், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நான் மாற்ற மாட்டேன். 9 நாளில் அவர்களுக்கு உங்கள் அப்பாவின் உடம்பு பழகியிருக்கிறது, புது இடத்தில் மறுபடி முதலிலிருந்து ரத்தம், எக்ஸ்ரே, மறுபடி புது முகங்கள், அந்தக் குழப்பத்துக்கு இடமாற்றம் நல்லதும் இல்லை. தேவையான ஒரு வசதி அங்கே இல்லை என்று அவர்களே சொன்னால் மாற்றுங்கள். புதிதாக வந்த குழப்பத்தைச் சொன்ன பிறகும் யாரும் அவரைப் பரிசோதிக்கவில்லை என்றாலும் மாற்றுங்கள். வெறும் சந்தேகம்தான் என்றால் கேஸ் சம்மரியும் ரிப்போர்ட் நகல்களும் வாங்கி வெளியே ஒருவரிடம் கருத்துக் கேட்டால் போதும், அது உங்கள் உரிமை, அதைக் கேட்டு முகம் சுளிக்கும் டாக்டரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

வீட்டுக்குப் போகும் நாளில் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, எத்தனை நாளைக்கு, பழைய மாத்திரைகளில் எது நின்றுவிட்டது என்று வரி வரியாகக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், அந்த நேரத்தில் யார் அவசரப்படுத்தினாலும் சரி. என்ன நடந்தால் திரும்ப வர வேண்டும் என்பதையும் கேளுங்கள், மூச்சுத் திணறலும் திரும்பி வரும் காய்ச்சலும் குழப்பமும் அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்கும். அப்புறம் ஒரு விஷயம், யாரும் சொல்லாமல் விடுவது: எக்ஸ்ரேயில் இருக்கும் நிழல் ஆள் தேறின வேகத்துக்கு மறையாது, ஆறு வாரம் ஆகலாம், இந்த வயதில் அதற்கு மேலும் ஆகலாம். அப்பா நடமாடிக்கொண்டிருக்கும்போது பத்தாம் நாளே ஆசைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, அதே நிழல் இருக்கிறதே என்று ராத்திரி எனக்கு இன்னொரு கடிதம் எழுதாதீர்கள். அவர்கள் சொல்லும் தேதியில் எடுங்கள்.